அரபி ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்கிறான் மச்சான், சரிதானா?

ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டது
ஆகஸ்ட் 3, 2025, இரவு 9.10

பெருந்துறைப் பக்கம் சின்னதாக மசாலா யூனிட் வைத்திருக்கிறேங்க. சாம்பார் பொடி, குழம்பு மிளகாய்த்தூள், குருமா மசாலா, எலுமிச்சை ஊறுகாய், அப்புறம் வெளியே வாங்கி எங்கள் பெயரில் விற்கும் அப்பளம். மச்சான் சார்ஜாவில் இருக்கிறான். அங்கே ஒரு இறக்குமதியாளர் முதல் தடவையாக 1,200 பாக்கெட் கேட்கிறார். உறை எல்லாம் தமிழும் ஆங்கிலமும்தான். அரபியில் ஒரு ஸ்டிக்கர் அடித்துக் கடைசியில் ஒட்டிவிட்டால் போதும், மற்றதெல்லாம் ஏஜெண்டுகள் காசு பிடுங்கச் சொல்லும் கதை என்கிறான் மச்சான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

ஆகஸ்ட் 3, இரவு 11.25

போதாது. மச்சானிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அங்கே போன புதிதில் அப்படித்தான் நினைத்தேன். சார்ஜாவிலும் துபாயிலுமாகப் பதினோரு வருடம் ஒரு உணவு இறக்குமதிக் கம்பெனியில் லேபிள் பார்க்கும் வேலை எனக்கு. இப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்துக்கு உறைகளின் பிழை பார்த்துக் கொடுக்கிறேன். ஆக இரண்டு கரையிலும் திட்டு வாங்கியவன்.

முதலில், ஸ்டிக்கர் என்பதே அங்கே ஆகாது. அரபி உறையிலேயே அச்சாகி இருக்க வேண்டும். இரண்டாவது, சரக்கு கப்பல் ஏறும் முன்பே அங்குள்ள இறக்குமதியாளர் ஒவ்வொரு பொருளின் லேபிளையும் நகராட்சியின் இணையதளத்தில் ஏற்றி ஒப்புதல் வாங்க வேண்டும். இதை நீங்கள் இங்கிருந்து செய்ய முடியாது, உணவு வணிகத்துக்கான உரிமம் உள்ள அந்த ஊர்க் கம்பெனிதான் செய்ய முடியும். ஆகவே மச்சான் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை பாக்கெட்" என்றல்ல, "லேபிளை யார் பதிவு செய்வது" என்று.

விதி என்ன என்று கேட்டால், ஜிஎஸ்ஓ 9. ஜிஎஸ்ஓ என்பது வளைகுடாத் தரநிர்ணய அமைப்பு, ரியாத்தில் இருக்கிறது. ஆறு வளைகுடா நாடுகளும் ஏமனும் அதில் உறுப்பு. அடைத்து விற்கும் உணவின் லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வது அந்த ஒன்பதாம் எண் தரம். தேதிக்கு ஜிஎஸ்ஓ 150, சத்து அட்டவணைக்கு 2233. இந்த மூன்று எண்களையும் கேட்டதும் இறக்குமதியாளர் முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 4, காலை 6.50

நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதிவிட்டேன், இங்கே ஒருவர் சரியாகப் பிடித்தார். இறக்குமதிச் சரக்குக்கு அரபி ஸ்டிக்கர் ஆகும். ஆகாதது வேறு: தேதியை ஸ்டிக்கரில் போடுவது. தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் தயாரிப்பாளரின் கையால் உறையின் மீதே அச்சாகவோ பொறிக்கப்பட்டோ இருக்க வேண்டும். ஒரே பாக்கெட்டில் இரண்டு ஜோடி தேதிகளும் இருக்கக் கூடாது. இரண்டாவது ஜோடியைப் பார்த்தால் பழைய சரக்குக்குப் புதுத் தேதி போட்டிருக்கிறான் என்றுதான் எந்த இன்ஸ்பெக்டரும் நினைப்பார், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

ஸ்டிக்கருக்கும் நிபந்தனை உண்டு. அசல் உறையில் உள்ள எதையும் மறைக்கக் கூடாது, அசலில் சொன்னதற்கு மாறாகவும் சொல்லக் கூடாது. ஆங்கிலத்தில் 200 கிராம், அரபியில் 250 கிராம் என்று நான் பார்த்திருக்கிறேன். பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிய வடிவமைப்பாளர் செய்த வேலை அது.

ஆக மச்சான் சொன்னது பாதி சரி. இந்தப் பாதிதான் ஆபத்து. ஸ்டிக்கர் ஒட்டலாம் என்பது உண்மையாகவே இருப்பதால், ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்று நினைக்க வைத்துவிடும்.

ஆகஸ்ட் 4, பகல் 1.15

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். குருமா மசாலா என்றீர்களே, கசகசா போடுகிறீர்களா? போட்டால் அந்த ஒன்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். லேபிளில் எப்படி எழுதினாலும் காப்பாற்ற முடியாது. அமீரகத்திலும் சவூதியிலும் கசகசா போதைப்பொருள் சட்டத்தில் வருகிற சரக்கு. ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்தோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கதை வளைகுடாவுக்குப் போன எல்லாருக்கும் தெரியும். அதே கசகசாவை 1,200 பாக்கெட்டில் அரைத்துப் போட்டு, பொருள் பட்டியலிலும் அச்சடித்து நாமே அனுப்பி வைப்பதை என்னவென்று சொல்வது.

முந்திரி போட்டு அரைக்கலாம். ஆனால் அதற்கு ஒவ்வாமை அறிவிப்பு வேண்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஜாதிக்காய் சேர்த்தால் சவூதிக்கு மட்டும் கவனம். தனி ஜாதிக்காய் அங்கே உள்ளே போகாது. மசாலாக் கலவையில் 20 சதவீதத்துக்குள் என்றால் விடுகிறார்கள். உங்கள் குருமா மசாலாவில் அவ்வளவு ஜாதிக்காய் இருந்தால் விதியை விடுங்கள், நாக்கே ஒப்புக்கொள்ளாது.

ஆகஸ்ட் 4, இரவு 8.30

இன்னொருவர் "எஸ்மா ஒப்புதல் வேண்டாமா" என்று கேட்டிருக்கிறார். பழைய பெயர் அது. 2020-இல் அமீரகத்தின் தரநிர்ணய அமைப்பைத் தொழில் மற்றும் உயர் தொழில்நுட்ப அமைச்சகத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே இருந்தபோது நாங்கள் எல்லாரும் எஸ்மா, எஸ்மா என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் என் வாயிலும் அதுதான் வருகிறது.

"அரபு நாடுகள்" என்று மொத்தமாகப் பேசுவதையும் விடுங்கள். எகிப்து வளைகுடா அமைப்பிலேயே இல்லை, அங்கே தனிச் சட்டம், தனி ஆணையம். வளைகுடாவுக்குள்ளேயும் அடிப்படை ஒன்று, வாசல் வேறு. துபாயில் நகராட்சி, அபுதாபியில் வேளாண்மை மற்றும் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சவூதியில் உணவு மருந்து ஆணையம். ஒரு வாசலில் விட்டதை அடுத்த வாசலில் காட்டி "அங்கே விட்டார்களே" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே தேநீர் கொடுத்தார்கள், சரக்கைக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, இரவு 10.05

ஈரோட்டு நண்பர் தனிச்செய்தியில் ஸ்டிக்கர் மாதிரி ஒன்று அனுப்பியிருக்கிறார். போனில் மொழிபெயர்த்துப் போட்டதாம். அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன், ஏனென்றால் இதை நான் ஒருவனே அனுபவித்தால் பாவம்.

அப்பளத்தின் முதல் பொருள் உளுந்து. ஆங்கிலத்தில் பிளாக் கிராம் என்று எழுதியிருக்கிறார். போன் என்ன செய்தது? கிராம் என்றால் எடை அலகு என்று எடுத்துக்கொண்டு "கராம் அஸ்வத்" என்று போட்டுவிட்டது. கறுப்பு கிராம். இதோடு முடிந்தால் பரவாயில்லை. அதே எழுத்துகளில் எழுதும் அதே சொல்லுக்கு அரபியில் காதல், மோகம் என்றும் பொருள். ஆக ஈரோட்டு அப்பளத்தில் இருப்பது கறுப்புக் காதல், உப்பு, சோடா உப்பு.

பயறு வகை என்று தெரிகிற மாதிரி "அதஸ்" சேர்த்து எழுதினால் ஒரு அரபுக்காரருக்குப் புரியும். கடலைப்பருப்புக்கு ஹும்முஸ், மஞ்சளுக்கு குர்கும், எள்ளுக்கு ஸிம்ஸிம். புளிக்கு மட்டும் நமக்குக் கஷ்டமே இல்லை, "தமர் ஹிந்தி", அதாவது இந்தியப் பேரீச்சை. ஆங்கிலக்காரன் டாமரிண்ட் என்பது இதிலிருந்து போனதுதான். ஆனால் இந்தச் சொல்லைத் தெரியாத ஒருவர் "ஹிந்தி"யை நாட்டின் பெயர் என்று நினைத்து வெட்டிவிட்டு வெறும் "தமர்" என்று அடித்துக் கொண்டுவந்தார், எங்கள் கம்பெனியிலேயே. புளிக்கரைசல் பாட்டிலில் பேரீச்சை. பாட்டில் முன்னூறுக்கு மேல் ஒட்டிய பிறகு ஒரு சிரியாக்காரர்தான் பார்த்துச் சொன்னார்.

கறிவேப்பிலை கறித்தூள் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புக்கு ஆள் வையுங்கள், பெரிய செலவில்லை. அவருக்கு ஆங்கிலப் பெயரை மட்டும் அனுப்பாமல், கூடவே தாவரப் பெயரையும் ஒரு படத்தையும் அனுப்பினால் பாதிச் சண்டை மிச்சம்.

ஆகஸ்ட் 6, இரவு 10.40

இன்னொன்று, அதே ஸ்டிக்கரில் அரபி எழுத்துகள் கை கோக்காமல் தனித்தனியாக நிற்கின்றன. அரபியில் எழுத்துகள் சேர்ந்து வர வேண்டும், வலமிருந்து இடமாக ஓட வேண்டும். நம் ஊர் அச்சகங்களில் இருக்கும் பழைய மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் பிரியும், சில சமயம் வரிசையும் திரும்பிக்கொள்ளும். "உப்பு" என்பது "ப் பு உ" என்று வந்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி. சிவகாசியில் நல்ல அச்சகங்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: அரபியை எழுத்தாக வாங்காமல், மொழிபெயர்த்தவரிடமே உருவமாக மாற்றி வாங்கி அப்படியே வைத்துவிடுவார்கள். அதற்கு மேல் யாரும் கை வைக்க முடியாது. பிழை இருந்தாலும் கை வைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 9, மாலை 5.20

தேதி பற்றிக் கேட்டவருக்கு. இது என் சொந்தக் கதை, கொஞ்சம் நீளும்.

நம் ஊர்ப் பாக்கெட்டுகளில் பல காலமாக "பேக் செய்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும்" என்று எழுதிப் பழக்கம். வளைகுடாவில் இந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது. வாங்குபவர் விரல் விட்டு எண்ணக் கூடாது, இரண்டு தேதிகளும் தேதிகளாகவே நிற்க வேண்டும். ஆயுள் மூன்று மாதத்துக்குள் என்றால் நாள், மாதம், வருடம். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் மாதமும் வருடமும் போதும். நான் எல்லாவற்றுக்கும் நாள் சேர்த்தே போடச் சொல்வேன். நாள் முதலில், மாதம் பிறகு. அமெரிக்கா மாதிரி மாதத்தை முன்னால் வைக்காதீர்கள்.

இனி கதை. தேங்காய்ப் பால் பொடி, வேறு ஒரு நாட்டிலிருந்து. உறையின் பின்பக்கம் அழகான பெட்டி ஒன்று. இடது பக்கம் தயாரித்த தேதி, வலது பக்கம் காலாவதி என்று ஆங்கிலத் தலைப்பு. அதன் கீழே அரபித் தலைப்புகள். வடிவமைத்தவர் அரபி வலமிருந்து இடம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அரபி வரிசையை மட்டும் கண்ணாடி மாதிரி திருப்பியிருக்கிறார். ஆக அரபியில் வலது பக்கம் தயாரித்த தேதி, இடது பக்கம் காலாவதி. ஆனால் கீழே மெஷின் அடிக்கும் தேதிகள் இரண்டுதான், அவை திரும்பவில்லை. ஆங்கிலம் படிப்பவருக்கு எல்லாம் சரி. அரபி படிப்பவருக்கு அந்தப் பொடி காலாவதியாகி ஒன்றரை வருடம் கழித்துத் தயாரிக்கப்பட்டது.

லேபிள் ஒப்புதலின்போது யாரும் பிடிக்கவில்லை, ஏனென்றால் மாதிரியில் தேதி இருக்கும் இடம் காலி. தேதி விழுந்த சரக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பிழை பார்த்தது யார்? நான். கையெழுத்து என்னுடையது. தலைப்புகள் சரியா என்று பார்த்தேன், இரண்டு மொழியிலும் எழுத்துப்பிழை இல்லையே என்று டிக் அடித்தேன். தலைப்புக்குக் கீழே ஒரு தேதி வந்து உட்காரும் என்று யோசிக்கவில்லை. அந்தச் சரக்கு திரும்பிப் போனது. முதலாளி கத்தவில்லை, அதுதான் மோசம். அடுத்த மூன்று மாதம் நான் பார்த்த ஒவ்வொரு லேபிளையும் இன்னொருவர் மறுபடி பார்த்தார்.

அன்றிலிருந்து என் விதி: இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே, ஒன்றன் கீழ் ஒன்றாக வை. மேலே உற்பத்தி, கீழே முடிவு. எந்த மொழியும் மேலிருந்து கீழாகத்தான் வரும்.

ஆகஸ்ட் 9, மாலை 5.45

ஜப்பான் பழைய முறையில் மேலிருந்து கீழே எழுதுவார்கள் என்று ஒருவர் உடனே வந்துவிட்டார். அதுவும் மேலிருந்து கீழேதானே ஐயா.

ஊறுகாய்க்காரர்களுக்கு ஒரு வரி. ரப்பர் ஸ்டாம்பில் தேதி போட்டால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும். கன்டெய்னருக்குள் ஆகஸ்ட் சூட்டில் மூடியிலிருந்து எண்ணெய் கசியாத ஊறுகாயை நான் அதிகம் பார்த்ததில்லை. தேதி அழிந்த பாட்டில் தேதி இல்லாத பாட்டில்தான். இங்க்ஜெட் கோடிங் மெஷின் இல்லையென்றால் வாடகைக்கு அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அடித்த பிறகு எண்ணெய் விரலால் தேய்த்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் 12, இரவு 11.10

ஈரோட்டு நண்பரின் பொருள் பட்டியல் வந்தது. சாம்பார் பொடி: மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, வெந்தயம், மிளகு, சீரகம், மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை. எடையில் அதிகமானது முதலில், இறங்கு வரிசையில். நன்றாக இருக்கிறது. பெருங்காயம் கூட்டுப்பெருங்காயம்தானே, அதற்குள் என்னென்ன என்று பிரித்து எழுத வேண்டுமா என்று கேட்கிறார். தேவையில்லை. கூட்டுப்பொருள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் உள்ளே இருப்பதைப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை, உலக உணவுத் தர விதிகளான கோடெக்ஸிலேயே இருக்கிறது. உங்களுடையது ஒரு சதவீதம்கூட இல்லை.

ஆகஸ்ட் 13, அதிகாலை 2.05

தூக்கத்தில் விழித்து எழுதுகிறேன். மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடையில் கிடைக்கும் கூட்டுப்பெருங்காயம் எதனால் கூட்டியது? பிசின், கோந்து, அப்புறம் மாவு. மாவு என்றால் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கோதுமையில் குளூட்டன். 5 சதவீத விலக்கு ஒவ்வாமைப் பொருளுக்குக் கிடையாது. எத்தனை துளி இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். ஆக ஒரு கோதுமை மணிகூடப் போடாத உங்கள் சாம்பார் பொடியின் லேபிளில் "கோதுமை அடங்கியது" என்று வர வேண்டும்.

பத்து வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு இது ராத்திரி இரண்டு மணிக்கு உறைக்கிறது. காரணம், பெருங்காயத்தை நாம் யாரும் மாவாக நினைப்பதே இல்லை, வாசனையாகத்தான் நினைக்கிறோம். வீட்டில் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். சின்ன எழுத்தில் இருக்கிறது, மைதா. மனைவி எழுந்து வந்து, இந்நேரத்தில் பெருங்காய டப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள், வயிறு சரியில்லையா என்றாள்.

ஆகஸ்ட் 13, காலை 9.30

தெளிவாக எழுதுகிறேன். லேபிளில் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் இவை: குளூட்டன் உள்ள தானியம், நண்டு இறால் வகை, முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, பால், முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், 10 மில்லிகிராமுக்கு மேல் சல்ஃபைட். கடைசியாகச் சொன்னது கிலோவுக்கு 10 மில்லிகிராம். எள்ளையும் எழுதுங்கள், இப்போது கோடெக்ஸ் பட்டியலிலும் வந்துவிட்டது. கடுகு ஐரோப்பியப் பட்டியலில் இருக்கிறது, அரபு நாட்டுக்கும் சேர்த்து எழுதிவிடுவதே என் வழக்கம். எழுதியதால் திரும்பி வந்த சரக்கை நான் பார்த்ததில்லை.

உங்கள் ஊறுகாயைப் பாருங்கள் இப்போது: நல்லெண்ணெய் என்றால் எள். தாளிப்பில் கடுகு. பெருங்காயத்தில் கோதுமை. எலுமிச்சை ஊறுகாய் என்று நினைத்த பாட்டிலில் மூன்று அறிவிப்பு.

உங்கள் பெருங்காயக்காரரிடம் உள்ளே இருப்பது என்ன மாவு என்று எழுத்தில் கேளுங்கள். அரிசி மாவில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்பளம் வெளியே வாங்குகிறீர்கள் என்றீர்களே, அந்த அப்பளக்காரர் எந்தப் பெருங்காயம் போடுகிறார் என்பதும் உங்கள் கவலைதான், பெயர் உங்களுடையது. மச்சான் சொன்னதில் எனக்கு ஒப்பாத இடம் இதுதான். லேபிளைக் கடைசியில் ஒட்டலாம், ஆனால் கடைசியில் எழுத முடியாது. மளிகை வாங்கும்போதே எழுத ஆரம்பிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, மாலை 4.00

ஞாயிற்றுக்கிழமை, நிதானமாக. சேலத்துச் சகோதரி ஒருவர் சிறுதானியக் கஞ்சி மாவுக்கு "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்" என்று போடலாமா என்று கேட்டிருக்கிறார். போடவே கூடாது அக்கா. நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று உணவின் மேல் எழுதினால் அது உணவாக உள்ளே போகாது. ஆரோக்கியம் பற்றிய கூற்றுகளுக்கு ஜிஎஸ்ஓ 2333 என்று தனித் தரமே உண்டு. நார்ச்சத்து அதிகம் என்று சொல்வதற்குக்கூட அட்டவணையில் அந்த அளவு இருக்க வேண்டும், ஆய்வகச் சீட்டும் இருக்க வேண்டும். தவறான வர்ணனை, தவறான லேபிள் இவற்றுக்கு அமீரகத்தின் 2015-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10,000 முதல் 1,00,000 திர்ஹம் வரை அபராதம். பாட்டி சொன்னார், பரம்பரையாகச் சொல்கிறோம் என்பது எல்லாம் நமக்குள்.

முறுக்கு, மிக்சர் போடுகிறவர்கள் வனஸ்பதியை மறந்துவிடுங்கள். பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைச் சவூதி 2020-இலேயே தடை செய்துவிட்டது.

சவூதி பற்றிப் பேசும்போது நினைவு வருகிறது. அங்கே ஓட்டல் மெனுவில் 2019 முதல் கலோரி எழுத வேண்டும். 2025 ஜூலையிலிருந்து உப்பு அதிகமுள்ள பதார்த்தத்துக்குப் பக்கத்தில் உப்புக் குப்பி அடையாளமும், அந்தக் கலோரியை எரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கும் சேர்ந்துவிட்டன. ரியாத்தில் ஓட்டல் வைத்திருக்கும் என் நண்பன், பரோட்டாவுக்குச் சால்னா எத்தனை கரண்டி என்று வைத்துக் கணக்குப் போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறான். சால்னா இலவசம், ஆளுக்கு ஆள் மாறும். மூன்றாவது தடவை கேட்பவனுக்கு எத்தனை நிமிட நடை?

அபுதாபியில் ஊட்டச்சத்துத் தரத்தை ஏ முதல் ஈ வரை எழுத்தில் காட்டும் அடையாளம் வந்திருக்கிறது. முதலில் எண்ணெய், பால், பானம், பேக்கரி, குழந்தைகளுக்கான உணவு. மசாலாவை இன்னும் தொடவில்லை. ஊறுகாயைத் தொட்டால் அன்றைக்குப் பேசலாம்.

ஆகஸ்ட் 19, இரவு 9.50

பச்சைப் புள்ளி இருக்கலாமா என்று கேட்டவருக்கு: இருக்கட்டும், தடையில்லை. அது சைவ அடையாளம் என்று அங்குள்ள அரபுக்காரர்களுக்குத் தெரியாது. ஒருவர் என்னிடம் "இதை அழுத்தினால் திறக்குமா" என்று கேட்டிருக்கிறார்.

பிள்ளையார் படம், லட்சுமி படம் உள்ள உறை: எங்கள் கம்பெனியில் ஏற்றுமதிக்குத் தனி உறை கேட்போம், படத்துக்குப் பதில் வெறும் பெயர். மனம் ஒப்பாதவர்கள் இருப்பார்கள், புரிகிறது. ஆனால் பிரித்த உறை எங்கே போய் விழும் என்று யோசித்தால் எனக்கு அதுவே சரி என்று பட்டது.

ஹலால் முத்திரையை இணையத்தில் எடுத்து நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள். மசாலாப் பொடிக்குப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. இறைச்சி, ஜெலட்டின், விலங்குக் கொழுப்பு வருமிடத்தில்தான் சான்றிதழ் கேட்பார்கள். கேட்காததைப் போட்டால், எங்கே சான்றிதழ் என்ற கேள்வி மட்டும் மிச்சம்.

ஆகஸ்ட் 23, இரவு 10.15

நண்பர் புது மாதிரி அனுப்பியிருக்கிறார். அரபி கை கோத்துக்கொண்டது, காதல் போய்ப் பருப்பு வந்தது, தேதி ஒன்றன் கீழ் ஒன்று. "இனிப்பு, உப்பு, காரம், அனுமதிக்கப்பட்ட பதப்படுத்தி" என்று பொத்தாம்பொதுவாக இருந்த இடத்தில் ஊறுகாய்க்குப் பதப்படுத்தி என்ற வேலையும் அதன் சர்வதேசச் சேர்மான எண்ணான 211-உம் சேர்ந்து வந்துவிட்டன. தயாரித்த நாடு இந்தியா, தொகுதி எண், வைக்கும் முறை, எல்லாம் இருக்கிறது. இறக்குமதியாளரின் முகவரியும் வந்துவிட்டது.

ஆனால் ஐந்து பொருளுக்கும் ஒரே பார்கோடு! இந்தியாவுக்கான 890 என்று ஆரம்பிக்கிறது, எண் முறையாக வாங்கியதுதான், ஒன்றை வாங்கி ஐந்திலும் போட்டிருக்கிறார். துபாய்ப் பதிவில் பார்கோடுதான் அந்தப் பொருளின் பெயர். சாம்பார் பொடியைத் தேடினால் ஊறுகாய் வரும். 100 கிராமுக்கும் 200 கிராமுக்கும்கூட வேறு வேறு எண் வேண்டும்.

ஆகஸ்ட் 30, காலை 7.40

பெருங்காயக்காரரிடமிருந்து கடிதம் வந்துவிட்டதாம், கோதுமை மாவு என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பளக்காரர் இன்னும் யோசிக்கிறார், "இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை" என்கிறாராம். அப்படியானால் முதல் தவணையில் அப்பளம் வேண்டாம், அடுத்ததில் பார்க்கலாம். குருமா மசாலாவில் கசகசாவை எடுத்துவிட்டு முந்திரியாக்கி, அதையும் அறிவிப்பில் சேர்த்தாயிற்று.

உறையை அரபியோடு புதிதாக அடிக்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம் என்பேன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு சிலிண்டர் செய்ய வேண்டும், அப்புறம் ஒரு எழுத்து மாறினாலும் அந்தச் சிலிண்டர் வீண். முதல் 1,200 பாக்கெட் ஸ்டிக்கரிலேயே போகட்டும். உங்களிடம் இருக்கும் உறையில் தேதிக்கு இடம் இருக்கிறது, பின்பக்கம் கீழே ஆறு சென்டிமீட்டர் காலியாகவும் இருக்கிறது, ஸ்டிக்கர் எதையும் மறைக்காமல் அங்கே உட்காரும்.

ஆமாம், கடைசியில் மச்சான் சொன்ன ஸ்டிக்கருக்கே வந்துவிட்டோம், தெரியும். ஒரு ஆள் கோணாமல் மணிக்கு 150 ஒட்டலாம், இங்கேயே ஒட்டி அனுப்புங்கள். மச்சான் லீவில் எப்போது வருகிறார்?